தில்லி ஜும்மா மசூதியும் அதன் படிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாக்களில் இலக்கியம் பேசுவோர் பலர் உளர். எனக்கு விழாக் குழுவினர் இட்ட பணி வேறு. நாம் குடிவந்து வாழும் இந்தத் தில்லி மாநகரில் ஒரு கட்டடத்தைத் தேர்ந்துகொண்டு அதைப் பற்றிப் பேசுக என்றனர். செங்கோட்டையைச் சொல்லலாம், குதுப் மினாரைச் சொல்லலாம். ஆனால் அவை இன்று பார்வைப் பொருள்களாகிவிட்டன. கோட்டையில் அரசர் இல்லை. குதுப் மினாரில் பாங்கு ஒலிப்பதில்லை. எந்தக் காரியத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்தக் காரியத்தையே, இடையில் ஒரு சில ஆண்டுகள் நீங்கலாக, முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் பெருங்கட்டடம் ஒன்று உண்டு. அதுவே ஜும்மா மசூதி.

நம் காலனிக் குடும்பங்களுக்கு அது தெரியாத இடம் அன்று. ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் காலையில் ராஜ்காட், பிறகு செங்கோட்டை, வெயில் ஏறுமுன் மசூதியின் படியடியில் நின்று ஒரு படம், பிற்பகலில் குதுப் என்று ஒரே நாளில் தில்லியை முடித்து அவர்களை ரயிலேற்றி விடுகிறோம். படியேறி உள்ளே சென்றவர் நம்மிற் சிலர். உள்ளே அரைமணி அமர்ந்திருந்தவர் மிகச் சிலர். அந்த அரைமணிக்கு வழி செய்யவே இந்த உரை.

முதலில் பெயரைப் பார்ப்போம். அரபு மொழியில் கூட்டுதல், ஒன்று சேர்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது 'ஜாமி' என்னும் சொல். வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் 'ஜும்ஆ' என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். ஐவேளைத் தொழுகைக்குத் தெருவுக்கொரு சிறு பள்ளி போதும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊரார் அனைவரும் ஓரிடத்தில் திரண்டு தொழவேண்டும் என்பது விதியாதலால், அதற்கென ஊருக்கொரு பெரிய பள்ளி வேண்டியிருந்தது. மதுரைக்குக் 'கூடல்' என்று பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர்; நாம் இன்று கூடியிருக்கும் அமைப்புக்கும் 'சங்கம்' என்றே பெயர். ஆகவே கூட்டிச் சேர்க்கும் பள்ளி என்றால் நமக்கு எளிதில் விளங்கும். ஷாஜகான் இட்ட பெயர் வேறு. 'மஸ்ஜிதே ஜஹான் நுமா', அதாவது உலகைக் காட்டும் பள்ளி என்பது அது. பேரரசர் இட்ட பெயர் ஏட்டோடு நின்றது. ஊரார் வழங்கிய பெயரே நிலைத்தது. இந்தக் கட்டடத்தின் வரலாறு முழுவதும் இப்படியே நடந்திருக்கிறது என்பதை மேலே போகப் போகக் காண்பீர்கள்.

ஷாஜகான் ஆக்ராவை விட்டுத் தில்லிக்குத் தலைநகரை மாற்ற எண்ணி 1639-இல் கோட்டை கட்டத் தொடங்கினார். 1648-இல் அதிற் குடிபுகுந்தார். 1650 அக்டோபரில் மசூதிக்குக் கால்கோள் நடந்தது. அமைச்சர் சாதுல்லா கான் மேற்பார்வையில், ஐயாயிரம் பேர் ஆறாண்டு உழைத்து, பத்து இலட்சம் ரூபாய்ச் செலவில் 1656-இல் வேலை முடிந்தது. இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. ஷாஜகான் தம் கோட்டைக்குள் பள்ளி எதுவும் கட்டவில்லை. இன்று கோட்டைக்குள் நாம் காணும் சிறிய மோத்தி மசூதி அவர் மகன் ஔரங்கசீப் பின்னாளில் தமக்கெனக் கட்டியது. ஆகவே வெள்ளிதோறும் பேரரசர் கோட்டையை விட்டு வெளியே வந்து, நகரின் நடுவே ஊர்மக்களோடு தொழ வேண்டியதாயிற்று. அந்தக் காட்சியைப் பெர்னியே என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1663-இல் எழுதிய கடிதம் ஒன்றில் விவரித்துள்ளார். புழுதி அடங்க வீதியில் நீர் தெளிப்பார்களாம். கோட்டை வாயிலிலிருந்து துப்பாக்கி வீரர் இருமருங்கும் அணிவகுப்பார்களாம். யானை மீதோ, ஆட்கள் சுமக்கும் அரியணையிலோ மன்னர் வருவாராம். ஐரோப்பியச் சிற்ப நூலின் விதிகளுக்கு இக்கட்டடம் உட்படாவிடினும் தம் கண்ணுக்கு இதில் குறை எதுவும் தோன்றவில்லை என்றும் அவர் எழுதினார்.

பெர்னியே கண்ட மன்னர் ஷாஜகான் அல்லர். மசூதி முடிந்த மறு ஆண்டே ஷாஜகான் நோயுற்றார். 1658-இல் மகனால் ஆக்ராக் கோட்டையில் அடைபட்டார். பத்து இலட்சம் செலவழித்தவருக்கு அதில் தொழக் கிடைத்த வெள்ளிக்கிழமைகள் சொற்பமே.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். போஜ்லா பஹாரி என்னும் சிறு பாறைக்குன்றின் மேல், தெரு மட்டத்துக்கு ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் மேடை அமைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேற்கே தொழுகைக் கூடம். மற்ற மூன்று திசையிலும் வாயில்கள். கிழக்கு வாயிலுக்கு 35 படி, வடக்கு வாயிலுக்கு 39, தெற்கு வாயிலுக்கு 33. கிழக்கு வாயிலே மிகப் பெரியது. அது மன்னர் வரும் வழி.

படியேறி வாயிலைத் தாண்டியதும் நம்மவர்க்கு ஒரு திகைப்பு உண்டாகும். நம் கோயில்களில் கோபுரத்தைத் தாண்டினால் மண்டபம், அதைத் தாண்டினால் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று உள்ளே செல்லச் செல்ல இடம் சுருங்கும், வெளிச்சம் குறையும், கடைசியில் சுடரொளியில் மூர்த்தி தெரியும். இங்கேயோ வாயிலைத் தாண்டியவுடன் முந்நூறு அடிக்கு மேல் நீள அகலமுள்ள திறந்த முற்றம், மேலே வானம். நடுவே ஒளுச் செய்வதற்கு, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதற்கு, நீர்த்தடாகம். முற்றத்தில் மட்டும் இருபத்தையாயிரம் பேர் தொழலாம் என்பது கணக்கு.

தொழுகைக் கூடத்தின் அமைப்பைப் பாருங்கள். அகலம் சுமார் 200 அடி. ஆழமோ 90 அடிதான். இவ்வளவு அகன்ற கூடத்துக்கு ஏன் ஆழம் இல்லை? காரணம் தொழுகை முறையிலேயே இருக்கிறது. மக்கா இருக்கும் திசையை நோக்கி, தோளோடு தோள் சேர நீண்ட வரிசைகளில் நின்று தொழுவது முறை. முதல் வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு பேர் இமாமுக்கு அண்மையில் நிற்கலாம். ஆகவே பள்ளிகள் பக்கவாட்டில் நீளும். நம் கோயில் ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்து செல்வதற்கு ஏற்ற வடிவம். இது ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்பதற்கு ஏற்ற வடிவம். கூடத்தின் தரையில் வெண் சலவைக்கல்லில் கருங்கோடு இழைத்துத் தொழுகைப் பாய் போன்ற கட்டங்கள் அமைத்திருக்கிறார்கள். அமீருக்கும் கூலியாளுக்கும் கட்டம் ஒரே அளவே. மன்னருக்கென்று வாயில் வைத்தவர்கள் மன்னருக்கென்று பெரிய கட்டம் வைக்கவில்லை.

மேற்குச் சுவரின் நடுவே மிஹ்ராப் என்னும் மாடம் உண்டு. அதில் எந்த உருவமும் இல்லை; திசை காட்டுவது ஒன்றே அதன் வேலை. அதன் அருகே மிம்பர் என்னும் பிரசங்கப் படிமேடை. வெள்ளிக்கிழமை உரையான குத்பா அங்கிருந்து ஓதப்படும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இருபத்தையாயிரம் பேருக்கு இமாமின் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்கள் வியக்கலாம். அதற்கென்றே இமாமின் குரலை வாங்கி உரக்கச் சொல்வோர் இருந்தனர். அவர் குரலைக் கேட்டு முற்றம் முழுவதும் ஒருசேரக் குனியும், நிமிரும். நடு வளைவுக்கு முன்னே முற்றத்தில் தூண்கள் தாங்கும் மேடை ஒன்று நிற்கிறதே, அது இந்தப் பணிக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொகலாய இளவரசர் ஒருவர் சேர்த்தது. படமெடுப்போர் பலர் அது முகப்பை மறைப்பதாகக் குறைப்படுவதுண்டு. எனக்கோ, ஒரு கட்டடம் உபயோகத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கூடத்தின் முகப்பில் உயர்ந்த நடு வளைவும், அதற்கு இருபுறமும் ஐந்தைந்து வளைவுகளுமாகப் பதினொன்று. பக்க வளைவுகளின் மேல் வெண் சலவைக்கல் பலகையில் கருநிற எழுத்தில் ஷாஜகானின் புகழும் கட்டடத்தின் வரலாறும் பாரசீகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நடு வளைவின் மேலோ அவர் புகழ் இல்லை. 'யா ஹாதி', வழிகாட்டுவோனே, என்னும் இறைவனை விளிக்கும் சொல் மட்டுமே. கூரையில் வெண் சலவைக்கல்லால் ஆன மூன்று கும்மட்டங்கள்; மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள். இருபுறமும் 130 அடி அளவில் இரு மினார்கள், செம்மணற்கல்லிடையே வெண்கோடுகள். கோடுகள் எல்லாம் நெடுக்காக ஓடுவதால் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் கட்டடம் மேல்நோக்கி எழுவதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஸ்தபதிகள் செய்த அழகான உபாயம் இது.

தமிழ்நாட்டிலும் பழம் பள்ளிகள் உள்ளன. கீழக்கரையில் கும்மட்டத்தை நாடாமல், நம் மண்டபங்களைப் போலவே கல் தூண் நிறுத்தித் தட்டைக் கூரையிட்டுப் பள்ளி கட்டினர். தொழுகைக்கு வேண்டியது சுத்தமான இடமும் சரியான திசையும். மற்றவை அந்தந்த ஊர்ச் சிற்பியின் கைத்திறம்.

கட்டடக்கலை நூல்கள் இவ்வளவோடு நிற்கும். எனக்கு மசூதியின் உயிர் அதன் படிகளில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. சர் சையது அகமது கான் 1847-இல் வெளியிட்ட 'ஆசாருஸ் ஸனாதீத்' என்னும் நூலில் தில்லியின் கட்டடங்களை ஒவ்வொன்றாக வருணிக்கிறார். மசூதியைச் சொல்லும்போது படிகளையும் விடவில்லை. மாலையில் கதைசொல்லி ஒருவர் வடக்குப் படியில் மோடாவைப் போட்டு அமர்ந்து அமீர் ஹம்சாவின் கதையைத் தொடங்குவாராம். வேறொரு பக்கம் ஹாத்திம் தாயின் கதை நடக்குமாம். தெற்குப் படியில் கபாப், சர்பத், பலூடா. கிழக்குப் படியில் துணி வணிகரும் புறா விற்போரும். உள்ளே குத்பா நடக்கும் கட்டடத்தின் வெளிப்படியில் கோழிப் பேரமும் ஹம்சாவின் வீரக்கதையும் நடந்தன என்றால் முகம் சுளிப்போர் இருக்கலாம். மதுரைப் புது மண்டபத்தில் தையற்காரரும் புத்தகக் கடைக்காரரும் பாத்திர வணிகரும் பல தலைமுறை இருந்து பிழைத்ததை அறிந்த நமக்கு அது விந்தையன்று. வழிபாட்டுக்கு வரும் கூட்டத்தோடு வாழ்வும் வந்துவிடுகிறது.

கிழக்குப் படியின் அடியில் சிறு தர்கா ஒன்று உண்டு. அங்கே அடங்கியிருப்பவர் சர்மத் என்னும் சூஃபிக் கவிஞர். ஔரங்கசீப் காலத்தில், சமய நெறி பிறழ்ந்தார் என்ற குற்றத்துக்காக 1661-இல் அவர் தலை வாங்கப்பட்டது. மன்னர் ஏறிய அதே படியின் கீழே, மன்னரின் நீதி வெட்டிய தலைக்குரியவரை ஊரார் ஞானியாகக் கொண்டாடி இன்றும் மலர் சாத்துகின்றனர்.

இனி 1857. அந்த ஆண்டு மே 11-இல் மீரட்டிலிருந்து சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தார்கள். செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை மீட்டார்கள். அதன்பின் நடந்தது கொடிது. குடிமக்கள் நகரை விட்டே வெளியேற்றப்பட்டனர். இந்துக்களை முன்னும் முஸ்லிம்களை வெகுவாகத் தாமதித்தும் உள்ளே விட்டார்கள். பகதூர் ஷாவை ரங்கூனுக்கு அனுப்பினார்கள். மசூதியைப் பறிமுதல் செய்து, தொழுகையை நிறுத்தி, படைவீரரை அதில் தங்க வைத்தார்கள். அதை இடித்துத் தள்ளவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்ட ஆங்கிலேயர் உண்டு. அது வெறும் பேச்சன்று. ஷாஜகானின் மனைவியருள் ஒருவர் கட்டிய அக்பராபாதி மசூதி அவ்வாறே தரைமட்டமாயிற்று. பீரங்கிக்குத் தடையில்லாத வெளி வேண்டுமென்று கோட்டையைச் சுற்றியிருந்த வீதிகளும் மாளிகைகளும் இடிக்கப்பட்டன. இன்று மசூதிக்கும் கோட்டைக்கும் இடையே நாம் காணும் அகன்ற வெளி தோட்டத்துக்காக விட்ட இடம் அன்று. அங்கே ஒரு நகரம் இருந்தது. மசூதியிலிருந்து ராஜ்காட் வாயில் வரை பாழ்வெளியாகிவிட்டதைக் கவிஞர் காலிப் தம் கடிதங்களில் எழுதி வருந்தினார். ஜீனத்துல் மசாஜித் என்னும் பள்ளி ராணுவத்துக்கு ரொட்டி சுடும் கூடமாயிற்று. சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியிலுள்ள பதேபுரி மசூதியை ஏலத்தில் விட்டார்கள். லாலா சுன்னாமல் என்னும் இந்து வணிகர் 19,000 ரூபாய்க்கு அதை எடுத்தார். எடுத்தவர் இடிக்கவில்லை, பள்ளி அப்படியே நின்றது. 1877-இல் அரசாங்கம் வேறு கிராமங்களைக் கொடுத்து அதைத் திரும்பப் பெற்று முஸ்லிம்களிடம் ஒப்படைத்தது.

ஜும்மா மசூதி 1862-இல் திரும்பக் கிடைத்தது. யாரிடம் கொடுப்பது? கட்டியவரின் வம்சம் அழிந்துவிட்டது. வெள்ளிதோறும் குத்பாவில் ஓதப்பட்டுவந்த பேரரசரின் பெயரும் இல்லை. ஆகவே நகரத்து முஸ்லிம் பிரமுகர்களைக் கொண்ட நிர்வாகக் குழு ஒன்றை அமைத்து, நிபந்தனைகள் விதித்து, அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நிபந்தனைகள் கசப்பானவையே. ஆயினும் அன்றுதான் மசூதி முதன்முதலாக ஊராரின் பொறுப்பில் வந்தது. அதற்குப் பின் பழுது பார்ப்பதற்குக் கருவூலம் இல்லை. கொடையாளரை நாட வேண்டியிருந்தது. 1886-இல் ராம்பூர் நவாப் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கொடுத்துப் பெரிய அளவில் திருப்பணி நடந்தது. அரசர் கட்டினார், ஊரார் காத்தனர் என்று நான் சொல்வது இதனாலேதான்.

இருபதாம் நூற்றாண்டுச் செய்திகளில் இரண்டைச் சொல்கிறேன். 1919 மார்ச் 30-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தில்லியில் கடையடைப்பு நடந்தது; துப்பாக்கிச் சூட்டில் இந்துக்களும் முஸ்லிம்களும் மாண்டனர். ஏப்ரல் 4-இல் ஆரிய சமாஜத் துறவி சுவாமி சிரத்தானந்தரை முஸ்லிம்கள் மசூதிக்குள் அழைத்துச் சென்று பேச வைத்தார்கள். காவியுடுத்த துறவி வேத மந்திரம் ஓதித் தம் உரையைத் தொடங்க, முற்றம் நிறைந்திருந்த மக்கள் கேட்டார்கள். அதே துறவி 1926 டிசம்பரில் இதே நகரில் ஒரு முஸ்லிமின் துப்பாக்கிக்கு இரையானார் என்பதையும் மறைக்கலாகாது. முதலாவதை மட்டும் சொல்லி மகிழ்வோரும், இரண்டாவதை மட்டும் சொல்லிப் பகைப்போரும் பாதி வரலாற்றையே சொல்கிறார்கள்.

மற்றொன்று 1947. பிரிவினையின் கலவரத்தில் தில்லி முஸ்லிம்கள் பெருந்தொகையாகப் புராணா கிலாவிலும் உமாயூன் கல்லறையிலும் அகதிகளாக அடைந்திருந்தனர். ஊரைவிட்டுப் போவதா, இருப்பதா என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. அந்த அக்டோபரில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இம்மசூதியில் நின்று பேசினார். பல ஆண்டுகள் தம் சொல்லைக் கேளாதவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு, முன்னோர் கட்டியவற்றை விட்டு எங்கே ஓடுகிறீர்கள் என்னும் கருத்துப்படக் கேட்டார். மூட்டை கட்டியவர்களிற் பலர் அதைக் கேட்டு அவிழ்த்ததாகப் பழைய தில்லிக் குடும்பங்களில் இன்றும் சொல்வதுண்டு. 1958 பிப்ரவரியில் ஆசாத் மறைந்தபோது, மசூதிக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட அந்த வெளியிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். ஹபீப் ரகுமான் அமைத்த எளிய வெண்ணிற விதானம் அங்கே நிற்கிறது. ஆசாத் தம் இளமையில் சர்மத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவர். இருவருக்கும் இடையே இப்போது சிறிது தூரமே.

படிகளின் நிலை பிற்காலத்தில் மாறிற்று. 1975-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், மசூதியைச் சூழ்ந்திருந்த கடைகள் அகற்றப்பட்டன; கடைக்காரர்களுக்கு மீனா பஜாரில் இடம் தந்தார்கள். கதைசொல்லிகள் அதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்துவிட்டனர். உருது பஜாரின் புத்தகக் கடைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து, உணவுக் கடைகளுக்கு வழிவிடுகின்றன. இதுபற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் வாடகை கொடுக்கும் கடைக்காரரின் கஷ்டம் நமக்குத் தெரியாது.

கட்டடமும் முதுமை அடைகிறது. மணற்கல் பொரிகிறது. 2022 மே 30-இல் வீசிய சூறையில் நடுக் கும்மட்டத்தின் கலசம் முறிந்து வீழ்ந்தது. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இம்மசூதி இல்லை. சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சென்றவர்களும், கூடாது என்பவர்களும் உண்டு. வழிபாடு நடக்கும் இடம் வழிபடுவோர் கையில் இருப்பதே முறை என்பது என் கருத்து. அதற்காகக் கல் வேலை அறிந்தோரின் கண் அதன்மீது படக்கூடாது என்பதில்லை. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் சிமெண்டும் பூசியதைக் கண்டவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகச் செல்லும் வழி. 2017-இல் மசூதியின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் திறந்துவிட்டார்கள். ஆகவே தூரம் என்னும் சாக்கு இனிச் செல்லாது. காலையில் வெயில் ஏறுமுன் செல்லுங்கள். செம்மணற்கல்லும் சலவைக்கல்லும் கோடையில் பாதத்தைச் சுட்டுவிடும். தோளும் காலும் மறைய உடுத்துங்கள். காலணியை வாயிலில் கழற்றுங்கள். இது நம் கோயில் பழக்கமே. ரமலான் மாதமானால் மாலையில் போகலாம். குடும்பம் குடும்பமாக வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் பழத்துண்டுகளும் கொண்டுவந்து முற்றத்தில் விரிப்பு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சூரியன் மறைந்து பாங்கு ஒலித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் நோன்பு திறப்பார்கள். பக்கத்தில் நிற்கும் அயலாருக்கும் ஒரு பழம் நீட்டுவது அங்கே வழக்கம்; மறுக்காதீர்கள்.

தொழுகை நேரங்களில் பார்வையாளர் உள்ளே இருக்கலாகாது. வெளியே வந்து காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குப் படிகள் உண்டு.